நான்கு மணி நேர அனுபவம்

தான் ஏறக்குறைய மூன்று வருடமாக வேலையே செய்யவில்லை என்பது நெஸ்தான் கொபாலியாவுக்கு ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரியவந்தது. அப்போது அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

பென்டன் ஃபெரி பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத குளிர் அறை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து, கோதுமைத் தண்டைப் பிளந்து, உள்ளே சுருண்டு கிடக்கும் புழுவை இடுக்கியால் எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பது அவள் அன்றாடம். நாளொன்றுக்கு நானூறு தண்டு. இந்தப் புழு கனடாவின் கோதுமையை வருடாவருடம் வயலிலேயே சாய்த்துவிடுகிறது. அதை எந்தக் குளிர் கொல்லும் என்று கண்டுபிடித்தால் ஊருக்கே நல்லது என்பதால்தான் ஜார்ஜியாவின் குத்தாய்சி நகரத்திலிருந்து அவளைக் கூப்பிட்டு ஃபெலோஷிப் கொடுத்தார்கள். புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. ஆகவே அவளுக்கும் கிடையாது.

கைபேசி சிணுங்கியது. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். நிரந்தரமாக இங்கே வசிக்க அவள் திறமைசாலித் தொழிலாளர் பிரிவில் போட்டிருந்த விண்ணப்பத்துக்குக் குடியேற்ற அலுவலகம் பதில் அனுப்பியிருந்தது.

'தாங்கள் பெற்றுவருவது ஊதியம் அன்று, விருது எனத் தெரிகிறது. விருது பெறுவது வேலை ஆகாது. தாங்கள் வேலைதான் செய்தீர்கள் என்பதை, வேலை கொடுத்தவரின் கடிதத்துடன் முப்பது நாட்களுக்குள் நிறுவவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

"வைமே," என்றாள் நெஸ்தான். அது அவள் ஊரில் தலையில் கைவைத்துக்கொண்டு சொல்வது. தலையில் கைவைக்க முடியவில்லை, ஒரு கையில் கைபேசியும் மறு கையில் புழுவும் இருந்தன.

அவள் இங்கே வந்தபோது மகள் டெக்லேவுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. குத்தாய்சியில் இருந்தவரை அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசியதில்லை, கையாலும் சரி, வாயாலும் சரி. இங்கே பள்ளியில் கைமொழி சொல்லிக்கொடுத்தார்கள். முதல் மாதத்தில் 'பனி' வந்தது, 'பால்' வந்தது. இப்போது ஆறு வயதில் அவளை நிறுத்தமுடியவில்லை. தூக்கத்திலும் கை பேசுகிறது. இந்தக் கைமொழி ஜார்ஜியாவில் ஒருவருக்கும் தெரியாது, அங்கே வேறு. திரும்பிப் போனால் ஆறு வயதில் அந்தக் குழந்தை மறுபடி ஊமையாக உட்காரவேண்டும். ஜூன் கடைசியில் நெஸ்தானின் அனுமதி முடிகிறது. அதற்குள் குடியேற்ற அலுவலகம் சரி என்றால் இங்கே, இல்லையென்றால் விமானம். கணவன் என்று ஒருவன் இருந்தான். இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை.

வேலை கொடுத்தவரின் கடிதம்தானே, அரை மணி நேரக் காரியம் என்று அன்று மதியமே மனிதவளத் துறைக்குப் போனாள். அங்கே ஷெரில் ஓடெகார்ட் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்திருப்பவள்.

"ஊழியர் எண் சொல்லுங்க, நெஸ்தான்."

"அது இல்ல. விருதாளர் எண்ணுதான் குடுத்தீங்க."

ஷெரில் முகம் மலர்ந்தது. "அப்போ நீங்க ஃபெலோ. ஃபெலோவுக்கு நாங்க வேலைக் கடிதம் குடுக்கறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க. ஊழியருக்கு நாங்க முதலாளி. உங்களுக்கு நாங்க குடும்பம்."

"குடும்பம் எனக்கு வீட்ல இருக்கு. எனக்கு முதலாளிதான் வேணும்."

"இப்படி யோசிச்சுப் பாருங்க. ஊழியர்னா கடமை உண்டு, நேரம் உண்டு, மேலதிகாரி உண்டு. பாவம். உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. முழு சுதந்திரம். முதல் நாள் சாவிய வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தாலும் மாசாமாசம் விருது வந்திருக்கும்."

"ஏன் வரலன்னு யாருமே கேட்டிருக்க மாட்டீங்களா?"

"கவலைப்பட்டிருப்போம்," என்றாள் ஷெரில். "அதுக்குன்னு தனியா ஒரு பிரிவே இருக்கு."

"நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் புழு எண்ணறேன், ஷெரில். நேத்து எண்ணினேன். காலையில எண்ணினேன்."

"பாத்தீங்களா, அதான் ஆர்வம். ஊழியர் யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க, சங்கம் விடாது. பத்து மணி நேரம் செய்யறீங்கங்கறதே அது வேலை இல்லங்கறதுக்கு அத்தாட்சி."

நெஸ்தான் ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குத் திரும்பினாள். வழியில் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் இருந்தது. தீயணைப்புப் பயிற்சிக்கு வராத ஊழியர் பட்டியலில், சிவப்பு மையில். அதைப் படமெடுத்து ஷெரிலுக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: தவறைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, தங்கள் பெயர் நீக்கப்பட்டது, இனித் தீப்பிடித்தால் தாங்கள் விருந்தினர் வாசல் வழியாக வெளியேறலாம்.

அடுத்துப் போனது பேராசிரியர் ஆல்ட்டன் ரீமரிடம். அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் இத்தனையும் நடக்கிறது. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், அவரே அடிக்கடி சொல்வார்.

"இது ஒரு விஷயமா? நானே எழுதித் தர்றேன்," என்றார். "நீ இல்லன்னா இந்தக் கூடமே இல்லம்மா. வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்கிறா, என் நேரடிப் பொறுப்பில, நான் சொல்ற வேலைய, நான் சொல்ற மாதிரி. அப்படியே எழுதிடறேன்."

அவர் எழுதவும் செய்தார். எழுதியதை ஒரு மரியாதைக்குப் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அதோடு மூன்று நாள் ஆள் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் வந்தபோது மனுஷன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்று தெரிந்தது.

"நெஸ்தான், நீ என்கிட்ட வேலை செஞ்சேன்னு நான் எழுதினா, அப்போ உனக்கு நான் வேலை குடுத்தேன்னு ஆயிடுது."

"ஆமா, சார்."

"வேலை குடுத்திருந்தா விடுமுறை குடுத்திருக்கணும். ஓய்வூதியம் குடுத்திருக்கணும். எழுபது மணி நேரம் வாங்கினது சட்டப்படி குத்தம். அப்போ மூணு வருஷமா நான் குத்தம் பண்ணிட்டிருந்தேன்னு ஆகுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும், சார். ஆனா எழுபது மணி நேரம் உண்மைதானே?"

"உண்மை இல்லன்னு நான் சொல்லவே இல்ல. நீ என்கிட்ட வேலை செஞ்சேன்னு எழுத முடியாது. என் பக்கத்துல இருந்தேன்னு எழுதலாம். அதை மனசார எழுதுவேன்."

மனசாரத்தான் எழுதியிருந்தார். 'டாக்டர் கொபாலியா எனது ஆய்வுக்கூடத்தின் அருகில் மூன்றாண்டுகள் இருந்தார். அங்கே பூச்சிகளும் இருந்தன. இரு தரப்புக்கும் இடையே வளர்ந்த அன்பை நான் தூரத்திலிருந்து கவனித்து வியந்திருக்கிறேன்.' கீழே கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண். நெஸ்தான் அதை இரண்டு முறை படித்தாள். இதைக் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பினால் வேலை செய்யாததோடு புத்தியும் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள்.

பன்னிரண்டு நாள் போய்விட்டது. மாலையில் பள்ளி வண்டி டெக்லேவைப் பூச்சியியல் கட்டட வாசலில் இறக்கிவிடும். குழந்தை நேராகத் தாழ்வாரத்துக்கு வந்து, அங்கே தரை துடைத்துக்கொண்டிருக்கும் ஓரெஸ்ட்டின் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓரெஸ்ட் முப்பத்தொரு வருடமாக அந்தக் கட்டடத்தின் துப்புரவாளர், உக்ரைன்காரர் வம்சம், சங்கத்தில் பொருளாளர். பார்த்துப் பார்த்து டெக்லேவிடம் பத்துப் பதினைந்து கைவார்த்தை கற்றுவைத்திருந்தார். 'அம்மா எங்கே?' என்று அவர் கையால் கேட்பார். டெக்லே இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றை இரண்டு தட்டுத் தட்டுவாள். வேலை. அம்மா வேலையில் இருக்கிறாள். தினமும் இதே கேள்வி, இதே பதில், இருவருக்கும் சலிக்காது.

அன்று நெஸ்தான் குளிர் அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்து ஓரெஸ்ட் துடைப்பத்தை நிறுத்தினார். "என்ன டாக்டரம்மா, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட, இவ்வளவுதானா? நான் வேலையில இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு."

"சம்பளம் வருதே, அண்ணே."

"காசு உனக்குந்தான் வருது. அது இல்ல. எனக்கு மெமோ வந்திருக்கு. இதுவரைக்கும் மூணு. தொண்ணூத்தெட்டுல மெழுகு போட்ட தரையில டீன் வழுக்கி விழுந்தாரு, அதுக்கு ஒண்ணு. எடுத்து வச்சிருக்கேன். அதுல என்ன போட்டிருக்குங்கிறே? இன்ன பேருடைய ஆளு, இன்ன நேரத்துலேர்ந்து இன்ன நேரம் வரைக்கும், இன்ன வேலைய ஒழுங்காப் பாக்கலன்னு அக்கு அக்காப் போட்டிருக்கு. அதைவிட உனக்கு என்ன கடிதம் வேணும்? நல்லா வேலை செஞ்சேன்னு இந்த ஊர்ல எவனும் எழுதித் தரமாட்டான். ஒழுங்கா செய்யலன்னா ஓடி வந்து எழுதுவான்."

நெஸ்தான் சுவரை விட்டு நிமிர்ந்தாள். "எனக்கு மெமோ வாங்கித் தாங்க, அண்ணே."

"நான் எங்கேர்ந்து வாங்கித் தர? நீதான் உழைச்சு வாங்கணும்."

மறுநாளிலிருந்து நெஸ்தான் ஒழுங்கீனத்தில் இறங்கினாள். அவள் வாழ்நாளில் ஒரு நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பியதில்லை; எப்படித் தொடங்குவது என்றே விளங்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, டீன் வரும் நேரம் பார்த்து, தாழ்வாரத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். டீன், தன்னுடன் வந்த விருந்தாளிகளிடம் குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதீங்க. இங்கதான் சிந்தனை நடக்குது," என்றார். அவர்கள் கால்விரலில் நடந்து போனார்கள்.

அடுத்து மூன்று நாள் வராமல் இருந்து பார்த்தாள். வராமல் இருந்தாள் என்றால், பின்வாசல் வழியாக வந்து, புழுக்களைப் பார்த்து, நானூறு தண்டை முடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் போனாள். புழுக்கள் என்ன பாவம் செய்தன? நான்காம் நாள் கவலைப்படும் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மெமோதான் என்று நினைத்து அவசரமாகத் திறந்தாள். 'வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே தாங்கள் காட்டியுள்ள சமநிலை அனைவருக்கும் முன்மாதிரி. இந்த மாத ஓய்வுத் தூதராகத் தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.' அவளுடைய படமும் பின்னால் ஒரு ஏரியும் போட்ட சுவரொட்டி மின்தூக்கியில் ஒட்டப்பட்டது.

கடைசியாக அவளே தன்மேல் ஒரு புகார் எழுதிப் போட்டாள். கொபாலியா என்கிற ஒருவர் அடித்தளத்தில் சரியாக வேலை செய்வதில்லை, நடவடிக்கை எடுக்கவும், இப்படிக்கு நலம் விரும்பி. பதில் எல்லா அறைக்கும் சுற்றுக்கு வந்தது. மேற்படி நபர் நமது ஊழியர் அல்ல என்பதால் சரியாக வேலை செய்யாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் கேலி செய்தால் பல்கலைக்கழகம் பொறுத்துக்கொள்ளாது.

இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் டெக்லே பள்ளியில் செய்த ஒரு காகிதக் கோதுமைக் கதிரைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். உள்ளே மஞ்சள் நூலில் ஒரு புழு. 'உனக்கு வேலைக்கு வச்சுக்கோ,' என்று கையால் சொன்னாள். நெஸ்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். டெக்லேவுக்கு எப்படியும் கேட்காது என்பது குழாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் நன்றி விருந்து வந்தது.

நெஸ்தானின் ஃபெலோஷிப்புக்கு வால்டர் ஸ்ட்ரூத்தர்ஸ் நினைவு ஃபெலோஷிப் என்று பெயர். வால்டர் ஸ்ட்ரூத்தர்ஸ் டிராக்டர் விற்றவர், செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வருடாவருடம் ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை அவர் மனைவி மார்ஜரி வருவாள். வான்கோழி சாண்ட்விச்சும் சாஸ்கட்டூன் என்கிற காட்டுப் பழம் வைத்துச் சுட்ட பணியாரமும் வைப்பார்கள். ஃபெலோ எழுந்து நின்று நான்கு நிமிடம் நன்றி சொல்லவேண்டும். என்ன சொல்லவேண்டும் என்பதைக் கொடையாளர் உறவுத் துறை எழுதிக் கொடுத்துவிடும். எங்கே குரல் தழுதழுக்கவேண்டும் என்பதற்கு அடைப்புக்குறி உண்டு. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை. நெஸ்தான் இரண்டு வருடம் அடைப்புக்குறி தவறாமல் தழுதழுத்திருக்கிறாள். போன வருடம் பணியாரத்தைத் தின்றுகொண்டே மார்ஜரி மட்டும் மெதுவாக, "ஆமா, நீ இங்கே என்ன வேலைம்மா பாக்கறே?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் புகைப்படக்காரர் வந்துவிட்டார்.

இந்த வருடம் அவள் விருந்துக்குப் போகவில்லை. அந்தப் பெரியம்மாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்ய வேறு ஒழுங்கீனம் எதுவும் பாக்கி இல்லையே என்று குளிர் அறையில் உட்கார்ந்து தண்டைப் பிளந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பல்கலைக்கழகம் அவளைத் தேடியது. பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. பன்னிரண்டரைக்கு இரண்டு தொலைபேசி. ஒரு மணிக்கு ரீமர் சார் விருந்துக்குப் போட்ட அங்கியோடு ஓடி வந்து, கதவுக் கண்ணாடி வழியாக அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இங்கே உக்காந்து சும்மா என்ன பண்றே?" என்று கத்தினார். மூன்று மணிக்கு மெமோ வந்தது. ஷெரில் ஓடெகார்ட்டின் கையெழுத்து, பல்கலைக்கழக முத்திரை.

'தாங்கள் 26.04 அன்று பகல் 12 முதல் 2 மணி வரையிலான தங்கள் பணிக்கு, முன் அனுமதியின்றி வராமல் இருந்தது கடமை தவறிய செயல். மேலதிகாரியின் நேரடி உத்தரவை மீறி, முந்தைய இரு ஆண்டுகளில் திருப்திகரமாக ஆற்றிய இப்பணியில் தாங்கள் அலட்சியம் காட்டியமைக்காகத் தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

நெஸ்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஓரெஸ்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"பணின்னு போட்டிருக்கு. கடமைன்னு போட்டிருக்கு. மேலதிகாரி, நேரம், தேதி. முந்தின ரெண்டு வருஷத்தையும் சேத்துப் போட்டிருக்கா மகராசி." அவர் தொப்பியைக் கழற்றினார். "நல்ல மெமோம்மா. நான் வாங்கின மூணும் இதுகிட்ட நிக்காது. இனிமே நீயும் எங்க ஆளு."

என்ன நடக்கிறது என்று தெரியாமல் டெக்லே தள்ளுவண்டியில் இருந்தபடி கைதட்டினாள்.

இருபத்தொன்பதாம் நாள் நேர்காணல். நெஸ்தான் நான்கு மணி நேரம் பேருந்தில் தலைநகரத்துக்குப் போனாள். மெமோவை உறையில் போட்டு, உறையை அட்டையில் வைத்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். குடியேற்ற அலுவலகத்தில் இருந்தவர் பெயர் ஃபெர்னான் பெல்ஹுமர். மெல்லப் பேசுபவர், குறுக்கே பேசாதவர். மெமோவை அவர் எடுத்துப் படித்ததைப் பார்த்தாலே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"அருமையான ஆவணம்," என்றார். "உண்மையைச் சொல்றேன், மேடம், ஃபெலோக்கள் எல்லாரும் பாராட்டுக் கடிதமா கொண்டுவருவாங்க. பாராட்டை நாங்க நம்பறதில்ல. கண்டிப்பைப் பொய்யா யாரும் எழுத மாட்டாங்க. நீங்க ஊழியர்தான். சந்தேகமே இல்ல."

நெஸ்தான் கண்ணை மூடித் திறந்தாள். "அப்போ சரியா போச்சா?"

"முக்கால்வாசி சரியாப் போச்சு. பணி என்னன்னு பாப்போம். நன்றி கூறுதல். மேடையில பேசறது தகவல் தொடர்பு வகையில வருது, அது திறமைத் தொழில்தான். சந்தோஷமான செய்தி. இப்போ மணி நேரம். ஒரு தடவைக்கு ரெண்டு மணி நேரம். மூணு வருஷத்துல மூணு தடவை. இந்த வருஷம் நீங்க வரல, அதைத்தான் மெமோவே சொல்லுது. ஆக நாலு மணி நேரம்." அவர் அதை ஒரு கட்டத்தில் எழுதினார். "தேவை ஆயிரத்து ஐந்நூத்து அறுபது மணி நேரம்."

"சார், அது வருஷத்துக்கு ஒரு சாப்பாடு. மிச்ச நேரமெல்லாம் நான் புழு எண்ணினேன். தினம் எண்ணினேன். நாலு லட்சம் புழு எண்ணியிருக்கேன்."

"நான் இல்லங்கல. ஆனா அதுக்கு மெமோ இருக்கா?"

"அதை நான் ஒழுங்கா செஞ்சேனே, சார்."

"அதான் சிக்கல்," என்றார் பெல்ஹுமர், உண்மையான வருத்தத்தோடு. "பாருங்க, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. இந்த நாட்டுக்கு ஆராய்ச்சியாளருங்க வேணும்னு நானே போன மாசம் ஒரு கூட்டத்துல பேசினேன். வேணும்னுதான் விருது குடுத்துக் கூப்பிடறோம். விருது குடுத்தா வேலை இல்ல, வேலை இல்லாதவங்களை எப்படி வச்சுக்கறது? இது மறுப்புன்னு எடுத்துக்காதீங்க, மேடம். இன்னும் ஆயிரத்து ஐந்நூத்து ஐம்பத்தாறு மணி நேரம் பாக்கி, அவ்வளவுதான். வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம்னா..." அவர் கணக்குப் பொறியில் தட்டினார். "எழுநூத்து எழுபத்தெட்டு வருஷம். அதுக்குள்ள விண்ணப்பத்துல வயசுக்குன்னு குடுக்கற புள்ளி கொஞ்சம் குறையும், அதை ஞாபகம் வச்சுக்குங்க."

அவர் எழுந்து கைகுலுக்கினார். நெஸ்தான் பேருந்து ஏறும்வரை அழவில்லை. ஏறியபிறகு நான்கு மணி நேரமும் அழுதாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கோதுமை வயல், அப்போதுதான் விதைத்திருந்தார்கள்.

மே போயிற்று, ஜூனும் கடைசிக்கு வந்தது. பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு ஒழுங்கு நடவடிக்கையைக் கைவிட்டது, எப்படியும் அவள் போகப்போகிறாள் என்பதால். நெஸ்தான் அறையைக் காலி செய்து பெட்டி கட்டினாள். டெக்லேவுக்கு ஒரு வீடியோவைப் போட்டு ஜார்ஜியக் கைமொழி நான்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். குழந்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, 'தப்பு, அப்படி இல்ல, இப்படி,' என்று திருத்தியது.

கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஷெரில் ஓடெகார்ட் அடித்தளத்துக்கு வந்தாள். அந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு தளம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். கையில் மடிக்கணினி. திங்கட்கிழமை புழுவை யார் எண்ணுவார்கள் என்று ரீமர் சாருக்குத் திடீரென்று உறைத்து, புதிதாக ஆள் எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்.

"இங்கே என்ன நடக்குதுன்னு யாருக்கும் சொல்லத் தெரியல, நெஸ்தான். நீங்க வரிசையா சொல்லுங்க, நான் அடிச்சுக்கறேன்."

நெஸ்தான் தண்டைப் பிளந்துகொண்டே சொன்னாள். தண்டு வந்ததும் எப்படிப் பிரிப்பது, எத்தனை டிகிரியில் எத்தனை நாள், செத்த புழுவுக்கும் தூங்கும் புழுவுக்கும் என்ன வித்தியாசம், மின்சாரம் போனால் முதலில் எந்தப் பெட்டி, ஞாயிறு, கிறிஸ்துமஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஷெரில் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"அம்மாடி. இவ்வளவு வேலையா? இதுக்கு ஒரு ஆள் பத்தாது, ரெண்டு பேரைப் போடணும்."

நெஸ்தான் இடுக்கியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்போ என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேரைப் போடணும்னு."

"அதுக்கு முன்னால."

ஷெரில் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"நான் இதுக்கு விண்ணப்பம் போடலாமா?"

"தாராளமாப் போடலாம். நாங்க யார்கிட்டயும் வேறுபாடு பாக்கறதில்ல. இதே துறையில மூணு வருஷம் ஊழியரா இருந்த அனுபவம் இருக்கணும், அவ்வளவுதான். அப்புறம் நாட்டுல இருக்க அனுமதி இருக்கணும்."

பள்ளி வண்டி வந்துவிட்டுப் போயிருந்தது. டெக்லே கதவருகில் வந்து நின்றாள், பின்னால் ஓரெஸ்ட் தள்ளுவண்டியோடு. ஷெரில் குனிந்து, தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி, "யாரைத் தேடி வந்தே, கண்ணு?" என்று கேட்டாள். அவள் உதடு அசைவதையும் பிறகு ஓரெஸ்ட்டையும் டெக்லே பார்த்தாள். அவர் கையால் கேட்டார். அவள் இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"அம்மா வேலையில இருக்காங்கன்னு சொல்லுது," என்றார் ஓரெஸ்ட்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் ஷெரில். அவளும் தன் முஷ்டிகளை அதேபோல் தட்டிக் காட்டினாள். டெக்லே தலையாட்டினாள், சரியாகத்தான் வந்தது.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. 'இப்பணியில் இதற்கு முன் இருந்தவர்.' ஷெரில் விரலை விசைமேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். நெஸ்தான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெரில் 'எவருமில்லை' என்று அடித்து, சேமித்து, மடிக்கணினியை மூடினாள்.

"பெரிய உதவி பண்ணீங்க, நெஸ்தான். எங்க எல்லார் சார்பாவும் ரொம்ப நன்றி."

"அதை நீங்க சொல்லக்கூடாது, ஷெரில்," என்றாள் நெஸ்தான். "நன்றி சொல்றது என் வேலை."

ஷெரில் சிரித்துவிட்டு மின்தூக்கிக்குப் போனாள். ஓரெஸ்ட் டெக்லேவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டில் இன்னும் அறுபது தண்டு பாக்கி இருந்தது. நெஸ்தான் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்ததை எடுத்துப் பிளந்தாள்.